ஆட்டு ரத்தமும் சர்க்கரைப் போர்வையும்

என் கையெழுத்து கோழி கிளறிய மண் போல இருக்கும். பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு பேனாவைப் பிடித்ததெல்லாம் என் பெயரை எழுதத்தான். முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு என் விரல் நுனிகள் கறுத்துத் தடித்துவிட்டன. பேனா கையில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்பதே சில நேரம் தெரிவதில்லை. படிப்பவர்கள் மன்னித்துக்கொள்ள வேண்டும். பேசச் சொன்னால் இதைவிட மோசம். நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் ஊர். கண்மாய் நிறைந்தால் நெல் போடுவோம், நிறையாவிட்டால் முந்திரிதான். அப்பா விட்டுப்போன முந்திரிக்கொல்லையில் பாதி அண்ணனுக்கு, பாதி எனக்கு. நானும் என் மனைவியும் கொட்டையை வறுத்துத் தட்டிப் பருப்பெடுத்து விற்கிறோம். அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்கு மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தபோது மூலம் என்று நினைத்தார். துத்திக்கீரையை வதக்கித் தின்றார். ஆட்டோவிலேயே உட்கார்ந்திருப்பதால் சூடு என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக் குளித்தார். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது. ஆள் பாதியாக இளைத்த பிறகுதான் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பெருங்குடலில் புற்றுநோய் என்றார்கள். குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வயிற்றின் இடது பக்கம் ஒரு வழி வைத்துப் பையை ஒட்டிவிட்டார்கள். இனி மலம் அந்தப் பையில்தான் இறங்கும்.

வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குள் முடங்கியிருப்பார்கள். அண்ணன் ஊருக்குத் திரும்பிய வாரமே டீக்கடையில் சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

“நீங்கள்லாம் விடிஞ்சா கக்கூசத் தேடி ஓடுறீங்க. எனக்கு அந்தக் கவலையே இல்ல. கக்கூசு எங்கூடவே டீ குடிக்க வருது.”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மெதுவாக எழுந்து கடைக்குப் பின்னால் போய் நின்றேன்.

தஞ்சாவூர் டாக்டர் அன்றே சொல்லியிருந்தார், கூடப்பிறந்தவர்களும் குடலைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று. அப்பா அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பேர்தான். அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார், நான் தரையைப் பார்த்தேன். உடம்பில் அந்த இடத்தைப் பற்றி நான் என் மனைவியிடம்கூடப் பேசியது கிடையாது. பயம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் பயந்துகொண்டுதான் குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை என்றால் அன்றைக்கு ஒரு நாள் பிழைத்தேன் என்று நினைத்துக்கொள்வேன். இப்படியே இரண்டு வருஷம்.

ஆனி மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு மருத்துவ முகாம் போட்டார்கள். “கையி வெந்து கெடக்குல்ல, களிம்பு குடுக்குறாகளாம், வாங்க” என்று மனைவி சொன்னதால் போனேன். போய் உட்கார்ந்த பிறகுதான் அது குடல் நோய் முகாம் என்று தெரிந்தது. அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்களைக் கூப்பிட்டு விசாரித்தது ஒரு சின்ன வயதுப் பெண். புற்றுநோய் பற்றி ஆராய்ச்சி செய்து படிக்கிறாராம். அண்ணனின் கதையை மனைவிதான் சொன்னாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மலத்தைச் சோதிக்க ஒரு டப்பா தருவதாகவும், அது போக ஆராய்ச்சிக்காகக் கொஞ்சம் ரத்தம் கொடுக்க முடியுமா என்றும் கேட்டார்.

“ரத்தத்துல என்ன பாப்பீங்க?” என்றாள் மனைவி.

“சர்க்கரையப் பாப்போம்மா.”

“இவுகளுக்குச் சுகரெல்லாம் இல்லையே.”

“அது வேறம்மா, இது வேற.” அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “நம்ம உடம்பு செல்லு செல்லா இருக்குல்ல? ஒவ்வொரு செல்லுக்கு மேலயும் மெல்லிசா ஒரு போர்வை மாதிரி இருக்கும். சின்னச் சின்னச் சர்க்கரைத் துணுக்குக ஒண்ணோட ஒண்ணு கோத்து, கெளை கெளையா நிக்கும். டீயில போடுற சர்க்கரை இல்ல, ஒடம்பே செய்யிறது. செல்லு கெட்டுப்போக ஆரம்பிச்சா அந்தக் கெளைகளோட அமைப்பு மாறுது. மாறுனதுல கொஞ்சம் ரத்தத்துல கலந்து வருதான்னு தேடுறோம். அது கெடைச்சுட்டா, நோயி பெருசாகறதுக்கு முன்னாடியே கையில ஊசி குத்தி ரத்தம் எடுத்தே கண்டுபிடிச்சுரலாம்.”

எனக்கு முந்திரி மரம் ஞாபகம் வந்தது. தண்டு துளைப்பான் புழு அடிமரத்துக்குள் நுழைந்துவிட்டால் வெளியே உடனே தெரியாது. இலை பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் அடிப்பட்டையில் ஒரு இடத்தில் பிசின் கசியும். அதைப் பார்த்ததும் பட்டையைச் செதுக்கிப் புழுவை எடுத்துவிட்டால் மரம் பிழைக்கும். இலை பழுத்து உதிர்ந்த பிறகு பார்த்தால் விறகுக்குத்தான் ஆகும். இதை மனைவியின் காதில் சொன்னேன்.

அவள் சத்தமாக, “பிசின் மாதிரியான்னு கேக்குறாக” என்று முழுவதையும் அந்தப் பெண்ணிடம் ஒப்பித்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

“கிட்டத்தட்ட அப்படித்தான்யா. ஆனா பிசின் கண்ணுக்குத் தெரியும். நாங்க தேடுறது கொளத்துல கரைஞ்சுபோன பிசின். காய்ச்சல், புண்ணுன்னு வேற காரணத்தாலயும் சர்க்கரை மாறும். எது புழுவால வந்ததுன்னு பிரிக்கத்தான் முட்டிக்கிட்டு இருக்கோம்.”

ரத்தம் கொடுத்தேன். டப்பாவையும் கொடுத்தார்கள். மூன்று நாள் கறி, மீன் சாப்பிடாமல் இருந்துவிட்டு நாலாம் நாள் காலையில் கொஞ்சம் எடுத்து அடைத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்க வேண்டும். முகாமுக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு நாள் குறித்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது ஆடி முதல் வாரத்தில் ஒரு நாள். டப்பாவைக் கொட்டகையில் சாக்குகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

கறி தொடாமல் இருந்த மூன்றாம் நாள் எங்கள் பங்காளிகள் சேர்ந்து கருப்பருக்குக் கிடா வெட்டினார்கள். எங்கள் கருப்பர் கோயிலுக்குப் பெண்கள் வருவதில்லை. ஆண்கள்தான் சமைப்போம், அங்கேயே படைத்து அங்கேயே சாப்பிடுவோம். ஒரு பருக்கையையும் எல்லையைத் தாண்டி வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. மிஞ்சினால் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும். முதலில் எல்லார் இலையிலும் ரத்தப்பொரியல் விழும். வெங்காயமும் தேங்காயும் போட்டு வதக்கியது. அதற்குப் பிறகுதான் சோறும் கறியும்.

என் இலையில் வைக்க வந்தபோது கையை நீட்டி மறைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் பார்த்துவிட்டார்.

“என்னடா, எலைய மூடுற?”

“போதும்ண்ணே.”

“இன்னும் வைக்கவே இல்ல, அதுக்குள்ள போதுமாம்ல.” வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் தன் இலையில் இருந்ததை வழித்து என் இலையில் போட்டார். “டாக்டரு என்னைய இதெல்லாம் தொடக்கூடாதுன்னுட்டான். எம்பங்கு மண்ணுக்குள்ள போகணுமாடா? எனக்கும் சேத்து நீதான் திங்கணும்.”

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தனை பேருக்கு முன்னால் என்னால் அது முடியாது. அது மட்டும் இல்லை. எனக்கு ஒரு நியாயமும் தோன்றியது. மலைக்கு மாலை போட்டவன் கடைப் பலகாரம் தொடமாட்டான், ஆனால் கோயிலில் கொடுப்பதை வாங்கிச் சாப்பிடுவான். சாமிக்குப் படைத்தது விரதத்தை முறிக்காது. டாக்டர்கள் சொன்ன கறி வேறு, கருப்பர் கொடுத்த கறி வேறு என்று மனதார நம்பினேன். இரண்டு பங்கையும் சாப்பிட்டேன். அண்ணன் நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நோய் வந்த பிறகு அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

மறுநாள் டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்த ஆராய்ச்சிப் பெண்ணே போன் செய்தார். மலத்தில் ரத்தம் தெரிகிறது, பயப்பட வேண்டாம், ஆனால் புதுக்கோட்டைக்குப் போய்க் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். நான் முந்திரி வறுத்துக்கொண்டிருந்தேன். சட்டியில் கொட்டை தீப்பிடித்து எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனைவிதான் ஓடிவந்து மண்ணை அள்ளிப் போட்டாள்.

அண்ணனுக்குத் தெரியாமல் இருக்குமா? சாயங்காலமே வந்துவிட்டார். எப்போது டப்பா கொடுத்தேன் என்று கேட்டார். சொன்னேன். விரல் விட்டு நாளை எண்ணிப் பார்த்தார், பிறகு பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

“அடப்பாவி. முதநாளு ரெண்டு பங்கு ரத்தத்தத் தின்னுட்டு மறுநாளு கொண்டுபோயிக் குடுத்திருக்க. ஆட்டு ரத்தம்டா அது. அப்ப வெட்டுன கிடாவுக்குத்தான் சீக்கு.”

மறுநாள் டீக்கடை முழுக்க இதே பேச்சு. ஒரு பங்காளி, “கருப்பரு சீக்கு கிடாவத் தின்னுட்டாரு, அவருக்கும் ஒரு டப்பா குடுங்கப்பா” என்றான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. ஆடுதான் காரணம் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். இனி நான் எங்கேயும் போய் வேட்டியை விலக்கிப் படுக்க வேண்டியதில்லை.

அந்தச் சந்தோஷம் பகலில் இருக்கும். விடிகாலையில் பின்பக்கம் போகும்போது இருக்காது. அண்ணனும் ஒரு வருஷம் முழுக்கத் துத்திக்கீரையைத்தானே நம்பினார்? அவருக்கு மூலம் காரணம், எனக்கு ஆடு காரணம். காரணம் கிடைத்துவிட்டால் மனசு அதைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிடுகிறது.

ஒரு நாள் கொல்லைக்குள் போய், யாரும் இல்லாத இடத்தில் நின்று, அந்தப் பெண்ணுக்கு நானே போன் செய்தேன். வெளி ஆளுக்கு நானாகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. கிடாவெட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அந்தப் பரிசோதனைக்கு எந்த ரத்தம்னு பிரிக்கத் தெரியாதுய்யா. ஆட்டோடதா இருந்தாலும் காட்டிரும்.”

“அப்ப எங்கிட்ட எடுத்த ரத்தம் இருக்குல்லம்மா. அதுல சர்க்கரை என்ன சொல்லுதுன்னு பாத்துச் சொல்லுங்களேன். அதுல ஆடு கலக்காதுல்ல?”



“சொல்லத்தான் ஆசைய்யா. ஆனா அது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. எந்த மாத்தம் எதைச் சொல்லுதுன்னு எங்களுக்கே இன்னும் புடிபடல. தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டா நீங்க அதை நம்பிச் சும்மா இருந்துருவீங்க. அந்தப் பாவம் எனக்கு வேணாம். கேமரா வச்சுப் பாத்துருங்க. அண்ணனுக்கு வந்திருக்கு, அது ஒண்ணே போதும்.”

தெரியாது என்று ஒரு படித்தவர் என்னிடம் சொன்னது எனக்கு என்னமோ பெரிய தைரியமாக இருந்தது. அந்தப் பேச்சில் மழுப்பல் இல்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம், “புதுக்கோட்டைக்குப் போவம்” என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. பழைய வேட்டி ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டாள்.

முதல் நாள் குடலைச் சுத்தம் செய்ய ஒரு மருந்துப் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொன்னார்கள். உப்புக் கரிக்கும் தண்ணீர், குடம் குடமாகக் குடித்தது போல இருந்தது. அதற்குப் பிறகு நான் கக்கூசுக்கும் கட்டிலுக்கும் இடையில்தான் இருந்தேன். துணைக்கு வந்து உட்கார்ந்த அண்ணன், “ஓடு, ஓடு, இங்கிட்டு ஓடு. எனக்கு இந்தத் தொல்லையே இல்ல பாரு” என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார். மனைவி, “சும்மா இருங்க மாமா, இவுகளே பாதி உசுராக் கெடக்காக” என்றாள். சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள்.

புதுக்கோட்டையில் கேமரா விட்டுப் பார்க்கும் டாக்டர் நடுத்தர வயதுக்காரர். அண்ணன் எனக்கு முன்னால் முந்திக்கொண்டு ஆட்டுக் கதை முழுவதையும் சொன்னார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

“ஆடு காரணமா இருக்கலாம். இல்லைன்னும் இருக்கலாம். எப்படியும் இவரு ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருக்கணும். ஒங்களாலதான்.”

“நான் என்ன சார் பண்ணுனேன்?”

“நீங்க இவருக்கு அண்ணன். அது போதும்.”

பக்கவாட்டில் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். முழுத் தூக்கம் இல்லை, ஒரு மயக்கம். எதிரில் டிவி மாதிரி ஒரு திரை. கண்ணை மூடிக்கொள்ளத்தான் நினைத்தேன், ஆனால் மூடவில்லை. என் குடலுக்குள் வெளிச்சம் போனது. கண்மாய் மதகுக் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தது போல ஈரமாக, வளைந்து வளைந்து, இளஞ்சிவப்பாக இருந்தது. இவ்வளவு நாள் எதை நினைத்து வெட்கப்பட்டேனோ அது பார்க்க அப்படி ஒன்றும் அசிங்கமாக இல்லை. ஒரு வளைவில் சின்னதாக ஒன்று நின்றது. மழைக்குப் பிறகு வைக்கோல் போருக்கு அடியில் முளைக்கும் காளான் போலக் காம்போடு நின்றது. டாக்டர் மெல்லிய கம்பியில் சுருக்குப் போட்டு அதை இறுக்கினார். வலி தெரியவில்லை.

வெளியே வந்ததும் டாக்டர் சொன்னார். “ஒரு கட்டி இருந்துச்சு, எடுத்தாச்சு. பரிசோதனைக்கு அனுப்பியிருக்கோம். முடிவு வரட்டும்.”

காத்திருந்த அந்த நாட்களில்தான் அண்ணன் முதல் தடவையாகச் சிரிப்பதை நிறுத்தினார். தினமும் வருவார். கொட்டகையில் உட்கார்ந்து, நான் கொட்டை தட்டுவதைப் பார்ப்பார். ஒரு நாள் திடீரென்று, “ஒனக்கும் இந்தப் பைய மாட்டிட்டாகன்னா நான் என்னடா பண்ணுவேன்” என்றார். உடைத்த பருப்பில் முழுசாக இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

முடிவு வந்த அன்று மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். புற்றுநோய் இல்லை என்றார் டாக்டர். அப்படியே விட்டிருந்தால் சில வருஷங்களில் அப்படி மாறக்கூடிய வகை, இப்போது முழுவதும் எடுத்தாகிவிட்டது, சொல்லும்போது மறுபடி வந்து பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

அண்ணன் விடவில்லை. “அப்ப டப்பாவுல தெரிஞ்ச ரத்தம் யாருது சார்? ஆடா, இவனா?”

“சொல்ல முடியாதுங்க. கட்டி சின்னது. ரத்தம் கசிஞ்சிருக்கும்னு எனக்குத் தோணல. அநேகமா ஆடாத்தான் இருக்கும்.”

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் அண்ணன் டீ குடிக்க நின்றபோது, “பாத்தியா, கருப்பருதான் ஒன்னய இழுத்துட்டு வந்திருக்காரு” என்றார். கருப்பரும் இருக்கலாம், அண்ணன் வழித்துப் போட்ட பங்கும் இருக்கலாம். தெரியாது என்று சொன்ன அந்தப் பெண்ணும் இருக்கலாம்.

புரட்டாசியில் அந்த ஆராய்ச்சிப் பெண் மறுபடி ஊருக்கு வந்தார். நல்ல செய்தியைச் சொன்னதும், கூச்சப்படாமல் என் கறுத்த கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்னொரு முறை ரத்தம் வேண்டும் என்றார்.

“கட்டி இருந்தப்ப எடுத்த ரத்தம் எங்ககிட்ட இருக்கு. கட்டிய எடுத்த பிறகும் வேணும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா, அந்தச் சர்க்கரைப் போர்வையில என்ன மாறுதுன்னு ஒரு வழி தெரியும்ல?”

எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டாள் மனைவி. “தெரியலம்மா. வராமலும் போகலாம். ஆனா வந்துரும்னு நெனைச்சுத்தான் வேலை பாக்குறேன்” என்றார். நான் சட்டைக் கையை மடக்கி நீட்டினேன். என் வயிற்றுக்குள் இருந்தது போன்ற ஒரு கட்டி, நாளைக்கு யாரோ ஒருவருக்குக் கேமரா இல்லாமலே தெரிந்துவிடும் என்றால் அந்த ஒரு குப்பி ரத்தம் பெரிய விஷயமா?

அண்ணன் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அப்பாவுக்கு வந்திருப்பதால் அவனும் வயது ஏறுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் எத்தனை முறை சொல்லியும் அவன் பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தான். போன வாரம் என் போனுக்குக் கூப்பிட்டான். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“சித்தப்பா, தப்பா நெனைக்காதீங்க. வலிக்குமா?”

“வலிக்காதுப்பா. முதநாளு மட்டும் வீட்டவிட்டு எங்கிட்டும் போயிராத.”

அவன் சிரித்தான். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டான். எப்படிப் படுக்கச் சொல்வார்கள், வேட்டியா கைலியா, நர்சம்மா இருப்பார்களா, கண்ணைத் திறந்து பார்க்கலாமா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் போனில் இவ்வளவு நேரம் பேசி அவள் பார்த்ததில்லை. கடைசியில் அவன், தீபாவளி லீவுக்கு வரும்போது புதுக்கோட்டை டாக்டரிடம் நாள் வாங்கி வைக்கச் சொன்னான். நான் வாங்கிவிட்டேன்.

அவன் கேட்டது போலக் கேட்க நினைத்துக் கேட்காமல் இருப்பவர்கள் எங்கள் பங்காளிகளிலேயே இருப்பார்கள். அவர்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், எனக்கும் கூட்டத்தில் சொல்ல வராது. அதனால் இதை எழுதி வைத்தேன்.

ஐப்பசி மாதம், மழை விட்ட ஒரு வியாழக்கிழமை.